காரில் கரண்ட் எங்கிருந்து எடுப்பது? ஒரு நூற்றாண்டுக் கதை

இன்றைய பதிவு நீளம். நேரம் இருப்பவர்கள் காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரக்காரர்கள் ராத்திரி படித்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூத்த பேரன் சென்னையிலிருந்து காரில் வந்தான். முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கும் சின்ன கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தான். டேஷ்கேம் என்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒரு ஒயரைக் காட்டி, "தாத்தா, இதைக் கொஞ்சம் சீவிட்டு இந்த ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுத்திட்டா முடிஞ்சது. வீடியோ பார்த்தேன்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கத்தியைக் கீழே போடு. என் மாணவன் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வச்சிருக்கான், அங்கே போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அவன் கேட்டான்: "ஒரு சின்ன ஒயருக்கு ஏன் தாத்தா இவ்வளவு பயம்?"

அதற்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

முதலில் ஒரு விஷயம். ஆரம்ப காலக் காரில் இன்று நாம் நினைக்கிற மாதிரி கரண்ட் கிடையாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், எஞ்சின் சுற்றும்போது மேக்னெட்டோ தருகிற மின்சாரம்தான் பிளக்கில் பொறி போட்டது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. முன்விளக்கு கார்பைடு விளக்கு. கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வரும், அதைத் தீக்குச்சியால் பற்ற வைக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் கார்பைடு விளக்கு எரிந்ததைப் பார்த்த வயதுக்காரர்களுக்கு அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கும். ஸ்டார்ட் செய்வது ஹேண்டில் போட்டுத்தான். எஞ்சின் எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும்.

அந்த ஹேண்டிலை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்காரர். ஹேண்டில் அடித்து ஒரு நண்பர் இறந்துபோனதால் கேடிலாக் முதலாளி மனம் நொந்து இவரிடம் வந்தார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. இறந்ததாகச் சொல்லப்படும் பைரன் கார்ட்டர் 1908-லேயே காலமாகிவிட்டார். கதையோ 1910-ல் நடந்ததாகச் சொல்கிறார்கள். சரித்திர வகுப்பாக இருந்தால் இதற்கே ஒரு பீரியடு போகும். நான் இயற்பியல் வாத்தியார், விட்டுவிடுகிறேன்.

கெட்டரிங் அதற்கு முன் பணப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடை கல்லாப்பெட்டியின் டிராயரை ஒரு பொத்தானில் திறக்க வைக்க மோட்டார் பொருத்தினார். அங்கே அவர் கண்டுகொண்டது: மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஒரு நொடிதான் இழுக்கப் போகிறது என்றால், சின்ன மோட்டாரிலேயே அதன் சக்திக்கு மீறிய கரண்டைச் செலுத்தலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதே புத்திதான் செல்ஃப் மோட்டார். 1912-ஆம் வருடத்து கேடிலாக் காரில் வந்தது. அந்த முதல் அமைப்பில் ஸ்டார்ட் செய்ய 24 வோல்ட், விளக்குக்கு 6 வோல்ட். பேட்டரி செல்களின் இணைப்பை ஒரு சுவிட்ச் மாற்றிக் கொடுக்கும். பிறகு எல்லாம் 6 வோல்ட்டில் வந்து நின்றது. மாடல் டி-க்கே 1919-ல் செல்ஃப் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எஞ்சினை எழுப்பத்தான் பெரிய பேட்டரி காருக்குள் வந்தது. அது அங்கே சும்மா இருக்கிறதே என்றுதான் விளக்கு அதில் தொங்கியது, ஹாரன் தொங்கியது, வைப்பர் தொங்கியது. ஒன்றுக்காக வந்த விருந்தாளியிடம் வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் கடன் கேட்ட கதை.

பெரிய கடன்காரன் ரேடியோ.

சிகாகோவில் பால் கால்வின் என்பவரும் தம்பி ஜோசப்பும் 1928-ல் ஒரு சின்ன கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் செய்த சாமான் "பேட்டரி எலிமினேட்டர்". அப்போது வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. இந்தப் பெட்டியை வைத்தால் வீட்டுக் கரண்டிலேயே ஓட்டலாம். கரண்டில் ஓடும் ரேடியோக்களே கடைக்கு வந்துவிட்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ரேடியோவிலிருந்து பேட்டரியை ஒழித்துப் பிழைத்த அதே மனிதர், அடுத்ததாக பேட்டரியைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்துக்கு, அதாவது காருக்கு, ரேடியோவைக் கொண்டுபோனார். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு. உள்ளே கடை போடப் பணம் இல்லை. சொந்தக் காரில் ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், மாநாட்டுக்கு வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் வந்தது. காருக்கு மோட்டார், பாட்டுப் பெட்டிக்கு அன்று வழக்கில் இருந்த "ஓலா" என்கிற வால். இரண்டையும் சேர்த்து மோட்டோரோலா என்று பெயர் வைத்தார். பின்னாளில் நம் பிள்ளைகள் கையில் செல்போனாக வந்ததே, அதே பெயர்தான்.

விலை சுமார் 120 டாலர். அன்றைக்குப் புது ஃபோர்டு காரே 500 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. விலையை விடப் பெரிய தொல்லை பொருத்துவது. காரின் 6 வோல்ட் பேட்டரியால் ரேடியோ வால்வுகளின் இழையைச் சூடாக்கத்தான் முடியும். வால்வின் தகட்டுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்காகத் தனி உலர் பேட்டரிகளை வாங்கி, காரின் தரைப் பலகையை அறுத்து அடியில் பெட்டி கட்டி வைக்க வேண்டும். ஏரியல் ஒயரைக் கூரைத் துணிக்குள் கோக்க வேண்டும். டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். நாள் கணக்கில் வேலை.

எல்லாம் முடித்து சாவியைத் திருப்பினால் பாட்டு வராது, "கர்ர்ர்" என்றுதான் வரும். ஏன்? என் பழைய மாணவர்கள் இங்கே கை தூக்க வேண்டும். ஹெர்ட்ஸ் 1887-ல் ரேடியோ அலையை எதைக் கொண்டு உண்டாக்கினார்? மின்பொறி! பிளக்கில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் பொறி அடிக்கும் எஞ்சின், தானே ஒரு ரேடியோ நிலையம். அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்து நிலையத்தைக் கேட்பது, பறைமேளத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி. பிளக் ஒயர்களில் மின்தடை போட்டார்கள், டைனமோவில் கண்டென்சர் போட்டார்கள், ரேடியோவை இரும்புப் பெட்டிக்குள் அடைத்தார்கள். இன்றும் மலிவான செல்போன் சார்ஜரைக் காரில் சொருகினால் எஃப்.எம். இரைகிறதே, அது இந்தச் சண்டையின் மிச்சம்தான்.

கடன் கேட்டுப் போன பேங்க் அதிகாரியை மயக்க கால்வின் அவருடைய பேக்கார்டு காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தார், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கடன் கிடைக்கவில்லையாம். கதை உண்மையோ இல்லையோ, இந்தத் தொழிலின் முதல் அத்தியாயத்திலேயே தீ இருக்கிறது பாருங்கள்.

தரைக்கு அடியில் இருந்த உலர் பேட்டரிகளை ஒழித்தது 1930களில் வந்த வைப்ரேட்டர். காலிங்பெல்லில் சுத்தியல் துடிக்கிற மாதிரி ஒரு இரும்பு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கும். நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்பும். மாறாத மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றாது, வெட்டினால் ஏற்கும். 6 வோல்ட்டை இருநூறுக்கு மேல் உயர்த்திவிடலாம். ரேடியோவைப் போட்டதும் ஒரு "ம்ம்ம்" சத்தம் கேட்குமே, அது இந்த நாக்கு. 1955-ல் பில்கோ கம்பெனியும் கிரைஸ்லரும் முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை அறிவித்த பிறகு இழையும் வேண்டாம், வைப்ரேட்டரும் வேண்டாம் என்று ஆனது.

இதற்கிடையில் 6 வோல்ட் போதாமல் போனது. 1950களின் பெரிய வி-8 எஞ்சின்களைச் சுற்றவே செல்ஃப் மோட்டார் திணறியது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சில கார்களில் 12 வோல்ட்டுக்கு மாறியது. மூன்று நான்கு வருடத்தில் அமெரிக்கா முழுக்க மாறிவிட்டது. ஃபோக்ஸ்வேகன் வண்டுக் கார் மட்டும் பிடிவாதமாக 1960களின் பாதி தாண்டியும் 6-லேயே இருந்தது. நம் ஊர் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு 6 வோல்ட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப்பாதையில் ஹெட்லைட் போட்டால், விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது பேரன் கேட்ட கேள்வி. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. வீட்டில் இருப்பது 230. பிறகு எதற்குப் பயம்?

பயம் வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. 200 வாட் வேலை செய்ய வீட்டில் ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். அதே 200 வாட்டைக் காரில் செய்ய 17 ஆம்பியர் ஓட வேண்டும். சுமார் 19 மடங்கு. ஒயர் சூடாவது கரண்டின் இருமடிக்கு ஏற்ப. ஆக, அதே ஒயரில் கிட்டத்தட்ட 370 மடங்கு சூடு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் எடுங்கள். மின்தடை 0.085 ஓம். 17 ஆம்பியர் விட்டால் ஒயரில் மட்டும் 25 வாட் சூடு, சால்டரிங் அயர்ன் அளவு சூடு, டேஷ்போர்டுக்குள்ளே, பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே. இதில் மோசமான முறுக்கு ஒன்று இருந்தால் சூடு அந்த ஒரே இடத்தில் கூடும். இன்னொன்றும் உண்டு. வீட்டில் மீட்டர் பக்கத்தில் கட்அவுட் இருக்கிறது. கார் பேட்டரி செல்ஃப் மோட்டாருக்காக 150, 200 ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது. தவறுதலாக பாடியில் ஒரு ஒயர் உரசினால், அதையும் செல்ஃப் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு கொட்டிக் கொடுக்கும்.

எர்த் பற்றி ஒரு கிளைக்கதை. பேட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்பு உடலோடு கட்டிவிட்டால் பாதி ஒயர் மிச்சம். எந்த முனையைக் கட்டுவது? இன்று உலகம் முழுக்க நெகட்டிவ். ஆனால் பிரிட்டிஷ் கார்களில் 1960களின் கடைசி வரை பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி முனைகள் அரிக்காது என்று நம்பினார்கள். அந்தக் கார்களுக்கு மின்சாமான் கொடுத்தது பர்மிங்ஹாமின் லூக்காஸ் கம்பெனி. (1961-ல் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து நம் சென்னை பாடிக்கு வந்ததே, அதன் தாய் வீடு.) மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த பழைய அம்பாசடர் ஒன்று என் மைத்துனரிடம் இருந்தது, பாசிட்டிவ் எர்த். 1979 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து ஒரு உறவினர் ஜப்பான் கேசட் பிளேயர் கொண்டுவந்து கொடுத்தார். அது நெகட்டிவ் எர்த் சாமான். அதன் இரும்புக் கூடே அதற்கு நெகட்டிவ்.

சிவப்பு ஒயரை வழக்கம்போல பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் கொடுத்தால் தலைகீழ் இணைப்பு, பிளேயர் காலி. மாற்றிக் கொடுத்தால் பிளேயரின் கூடு நெகட்டிவ், கார் உடல் பாசிட்டிவ். ஸ்குரூ போட்டு இறுக்கியதும் நேரடி ஷார்ட். மைத்துனர் புத்திசாலி. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கூடு எங்கும் உடலைத் தொடாமல் பொருத்தினார். சௌந்தரராஜன் குரல் வந்தது. வீடே கைதட்டியது. அப்புறம் ரேடியோவும் கேட்போம் என்று ஏரியல் பிளக்கைச் சொருகினார். ஏரியல் ஒயரின் மேல்வலை கார் உடலோடு சேர்ந்தது. பிளேயர் பக்கம் அது நெகட்டிவ். நீலமாக ஒரு பொறி, ஒரு வாடை, அவ்வளவுதான். மாமனார் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஏம்ப்பா, இதுக்கும் லைசென்ஸ் எடுக்கணுமா?" ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் எடுத்த காலம் அது.

அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக வீட்டிலும் முழுதாகச் சொன்னதில்லை.

1986. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். வாடகை வேன். டிரைவர் அண்ணாச்சி நல்ல மனிதர், வண்டியைப் பிள்ளையைப் போல வைத்திருந்தார். முன்னால் இரண்டு மஞ்சள் மூடுபனி விளக்கு, உள்ளே கேசட் பிளேயர், கூரையோரம் கலர் கலராக சீரியல் லைட், மேலே ஏர் ஹாரன். எல்லாவற்றுக்கும் ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் ஒரே ஒயரிலிருந்து கிளை எடுத்திருந்தார்கள். மூடுபனி விளக்கு மட்டும் 55 வாட் இரண்டு, 9 ஆம்பியர். ஹெட்லைட் சேர்ந்தால் இன்னும் 9. மற்றவை தனி.

வத்தலகுண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது பாட்டு நின்றுவிட்டது. அண்ணாச்சி பியூஸ் பெட்டியைத் திறந்தார். எரிந்த பியூசை எடுத்து, சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைக் கிழித்து அதன் மேல் சுற்றி, திரும்ப அழுத்தினார். பாட்டு வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் இயற்பியல் வாத்தியார். போன வாரம்தான் அதே பிள்ளைகளுக்கு மின்னோட்டத்தின் வெப்ப விளைவு நடத்தியிருந்தேன். பார்த்துவிட்டு, "கில்லாடி அண்ணாச்சி நீங்க" என்று சிரித்தேன்.

திரும்பி இறங்கும்போது இருட்டிவிட்டது. மூடுபனி. எல்லா விளக்கும் போட்டார். வளைவுக்கு வளைவு ஏர் ஹாரன். பிள்ளைகள் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். முன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தன், "சார், ரப்பர் கருகுற வாடை வருது" என்றான். பிரேக் சூடாக இருக்கும் என்று சொன்னேன். இரண்டு வளைவு தாண்டியதும் டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை வந்தது. அப்புறம் ஒயரின் தோல் உருகி, பற்றிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக அண்ணாச்சியின் காலில் விழுந்தது. அவர் கத்தவில்லை. மலைச்சரிவின் ஓரமாக வண்டியை அணைத்து நிறுத்தினார். சுவிட்சை அணைத்தார், நிற்கவில்லை. ஒயர் உள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. பேட்டரி பயணிகள் சீட்டுக்கு அடியில் இருந்தது. பிள்ளைகளை இறக்கி, சீட்டைத் தூக்கி, கட்டிங் பிளேயரால் முனையைத் திருகிப் பிடுங்கினார். கை வெந்துவிட்டது. மண்ணை அள்ளிப் போட்டு மிச்சத்தை அணைத்தோம்.

எல்லா விளக்கும் செத்துப்போனது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. அது பாட்டுக்கு நின்ற இடத்தில் உறுமியது. விளக்கில்லாமல் இறங்க முடியாது. முப்பத்திரண்டு பிள்ளைகள் மலைப்பக்கச் சுவரோரம் கையைக் கோத்துக்கொண்டு பனியில் நின்றார்கள். என்னிடம் ஒரு டார்ச். மேலிருந்து வண்டி வரும்போதெல்லாம் வளைவில் நின்று அதை ஆட்டினேன். விடிந்த பிறகுதான் இறங்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் "ஒயர் கோளாறு" என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சிக்குத்தான் கெட்ட பெயர் வந்தது. ஈயத்தாளை நானும் பார்த்தேன் என்று எழுதவில்லை.

பியூஸ் என்பது வேண்டுமென்றே வைத்த பலவீனம். ஒயருக்கு முன்னால் சாக வேண்டியது அது. அதைச் சாகவிடாமல் தடுத்தால் ஒயரே பியூஸ் ஆகிவிடும். அந்தக் காலத்துக் கண்ணாடிக்குழாய், பீங்கான் பியூஸ்களில் ஈயத்தாள் சுற்றுவது சுலபம். 1976-ல் லிட்டல்ஃபியூஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, இரண்டு தகட்டுக்கால் வைத்த பிளாஸ்டிக் பியூஸைக் கொண்டுவந்தது. இன்று எல்லாக் காரிலும் அதுதான். அதன் நிறமே பாஷை: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஈயத்தாள் சுற்றுவது கஷ்டம். ஆனால் 10 எரிந்த இடத்தில் 30 சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஈயத்தாள்தான், கொஞ்சம் நாகரிகமான ஈயத்தாள்.

அந்த வேனில் இருந்திருக்க வேண்டிய இன்னொன்று ரிலே. தந்தி காலத்துச் சாமான். தூரம் போய்க் களைத்துப்போன தந்தி மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை மட்டும் இழுக்கும். அந்தக் காந்தம் புது பேட்டரியின் சுவிட்சை மூடி அடுத்த ஊருக்குத் தெம்பாக அனுப்பும். அஞ்சல் குதிரையை வழியில் மாற்றுவார்களே, அந்த வழக்கத்துக்கான சொல்லையே இதற்கும் வைத்தார்கள். காரிலும் அதே வேலை. சுவிட்ச் வழியாக அரை ஆம்பியர்கூட ஓடாது. பேட்டரியிலிருந்து தனி தடித்த ஒயர், தனி பியூஸ், விளக்குக்கு நேராகப் போகும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். ஜெர்மானியர் வகுத்த எண்கள். 30 என்றால் பேட்டரி, 87 என்றால் சாமான், 85-ம் 86-ம் காந்தச் சுருள். எந்த நாட்டு மெக்கானிக்கிடமும் இந்த நான்கு எண்ணைச் சொன்னால் போதும், மொழி வேண்டாம்.

சிகரெட் பற்ற வைக்கும் ஓட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கம்பிச் சுருளைச் சூடாக்கி சுருட்டுப் பற்ற வைக்கத்தான் அது வந்தது. 21 மில்லிமீட்டர் சுமார் குழி, நடுவில் பாசிட்டிவ், சுவர் நெகட்டிவ். காருக்குள் கரண்ட் கிடைக்கும் ஒரே திறந்த வாசல் அதுவாக இருந்ததால், உலகம் முழுக்க எல்லாச் சாமானும் அதற்கு ஏற்றபடி பிளக் வைத்துக்கொண்டன. சுவரை ஸ்பிரிங்தான் பிடித்திருக்கும். குலுக்கலில் நழுவும், நழுவினால் சூடாகும். வேறு எதற்கோ செய்த குழி, புகைப்பவர்கள் குறைந்த பிறகும் அப்படியே நிற்கிறது. இப்போது பக்கத்தில் யு.எஸ்.பி. ஓட்டையும் வந்துவிட்டது. நல்லது.

ஒரு பெரிய மாற்றம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பாஷ் கம்பெனி 1986-ல், எங்கள் வேன் எரிந்த அதே வருடத்தில், "கேன்" என்ற முறையை அறிவித்தது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் இழுக்காமல், இரண்டே ஒயரில் எல்லாப் பெட்டிகளும் சேதி பேசிக்கொள்ளும். இன்றைய காரில் நீங்கள் சீவப் போகும் ஒயர் கரண்ட் ஒயரா, பேச்சு ஒயரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சு ஒயரில் கேமராவைத் தொங்கவிட்டால் பிரேக்கும் எஞ்சினும் பேசுவது குழம்பும்.

பேரன் காட்டிய ஒயர் அப்படிப்பட்டதுதான். என் மாணவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், "தம்பி, இதைச் சீவியிருந்தா வண்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்" என்றான். பியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு இடத்தை டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடித்தான். பழைய பியூசும் புது பியூசும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஒரு சின்னச் சொருகியை அங்கே வைத்தான். கேமராவுக்குத் தனியாக 2 ஆம்பியர். வண்டி நிற்கும்போதும் கேமரா ஓட வேண்டும் என்று பேரன் கேட்டான். அதற்கும் கணக்குச் சொன்னான்: "மணிக்கு 0.3 ஆம்பியர்னு வச்சுக்குங்க, ஒரு நாளைக்கு ஏழு. உங்க பேட்டரி 35. மூணாம் நாள் செல்ஃப் எடுக்காது." கெட்டரிங் பேட்டரியை எதற்குக் கொண்டுவந்தாரோ அந்த வேலைக்கே இல்லாமல் போகும். பேரன் வேண்டாம் என்றான்.

(மாணவன் "மணிக்கு 0.3 ஆம்பியர்" என்று சொன்னதை நான் திருத்தவில்லை. ஆம்பியர் என்றாலே ஓடும் வேகம்தான், மணிக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் இதே தப்புக்கு அவனுக்கு இரண்டு மார்க் குறைத்தேன்.)

ஒயரை மூடிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அவன் கேட்டான்: "சார், வத்தலகுண்டுல அண்ணாச்சி ஈயத்தாள் சுத்துனப்போ நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

ரப்பர் கருகுகிறது என்று சொன்ன பையன் அவன்தான். முன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்.

"நின்னேன்" என்றேன்.

"நானும் பார்த்தேன் சார். நீங்க சிரிச்சதால சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

பேரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். திரும்பி வரும்போது காரில் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து, அந்த அண்ணாச்சியின் மகன் எங்கே இருக்கிறார் என்று இரண்டு பேருக்குப் போன் போட்டு விசாரித்தேன். சாத்தூர்ப் பக்கம் இருக்கிறாராம். அடுத்த வாரம் போகிறேன்.

பாசிட்டிவ் எர்த் வண்டி ஓட்டியவர்கள், வைப்ரேட்டர் ரேடியோ கேட்டவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க ஆசை.